பிழைத்து வந்தவளின் சொல்: தமிழினியின் எழுத்தை முன்வைத்து

1

தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' 2016 பிப்ரவரியில் காலச்சுவடு வெளியீடாக வந்தது. எழுதியவர் அதற்கு நான்கு மாதம் முன்னாலேயே, 2015 அக்டோபர் 18 அன்று, மகரகம புற்றுநோய் மருத்துவமனையில் இறந்துபோயிருந்தார். வயது 43. தன் நூலை அச்சில் பார்க்காமலே போனார். தன்மீது வைக்கப்பட்ட விமர்சனங்களுக்குப் பதில் சொல்லவும் அவர் இல்லை.

நூலைப் பற்றித் தமிழில் நடந்த பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு சாரார் துரோகம் என்றார்கள். இன்னொரு சாரார், 'பார்த்தாயா, புலிகளே ஒத்துக்கொண்டுவிட்டார்கள்' என்று கைதட்டினார்கள். மூன்றாவது சாரார், இதை அவர் எழுதவே இல்லை, யாரோ எழுதி அவர் தலையில் கட்டிவிட்டார்கள் என்றார்கள். இந்த மூன்று சாராரும் ஒருவருக்கொருவர் ஜென்மப் பகையாளிகள். ஆனால் பிரதியை அணுகும் விதத்தில் மூவரும் ஒன்றுதான். போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் எழுதி வைத்த ஸ்டேட்மெண்டை எதிர்த்தரப்பு வக்கீல் புரட்டுகிற மாதிரிப் புரட்டினார்கள். எந்த வரி நமக்கு உதவும், எந்த வரி நம்மைக் கவிழ்க்கும் என்று தேடினார்கள். ஒரு பெண் தன் வாழ்வையும் தன் தோல்வியையும் எழுத்தாக்கியிருக்கிறாள் என்ற அளவில் அதை வாசித்தவர்கள் குறைவு.

இந்த வாசிப்புமுறை தலித்துகளுக்குப் புதுசு அல்ல. நம்முடைய சாட்சியங்களும் இப்படித்தான் விசாரிக்கப்பட்டன, இன்னும் விசாரிக்கப்படுகின்றன. ஆகவே தமிழினியை எப்படி வாசிப்பது என்பதில் நமக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது.

2

முதலில் வாழ்க்கை. இயற்பெயர் சுப்பிரமணியம் சிவகாமி. 1972 ஏப்ரல் 23இல் கிளிநொச்சி மாவட்டம் பரந்தனில் பிறந்தவர். 1991இல் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்தார். பிறகு மகளிர் அரசியல் பிரிவின் பொறுப்பாளரானார். துப்பாக்கியும் தூக்கியிருக்கிறார், ஆனால் வெளியுலகம் அவரை அறிந்தது மேடையில் பேசுகிறவராக. 2002 போர்நிறுத்த ஒப்பந்தத்துக்குப் பிறகு, பேச்சுவார்த்தையின் ஒரு பகுதியாகப் பெண்கள் பிரச்சினைக்கென்று ஓர் உபகுழு அமைக்கப்பட்டது. அரசுத் தரப்பில் 5 பெண்கள், புலிகள் தரப்பில் 5 பெண்கள். புலிகள் தரப்புக்குத் தமிழினி தலைமை. 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். அடுத்த மாதமே புலிகள் பேச்சுவார்த்தையை இடைநிறுத்தினார்கள். குழுவும் அத்தோடு போயிற்று. இலங்கைப் போரின் வரலாற்றில் இரு தரப்புப் பெண்களும் பெண்களாக உட்கார்ந்து பேசுவதற்கென்று போடப்பட்ட ஒரு மேசை, உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் எடுக்கப்பட்டது. இவரைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கக்கூடாது.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தபோது அவர் ஆயுதத்தை விட்டுவிட்டு மக்களோடு மக்களாக ராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்தார். ஏறத்தாழ 3 லட்சம் பேர் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்ட காலம் அது. வவுனியாவில் அடையாளம் காணப்பட்டுக் கைதானார். விசாரணை, வெலிக்கடைச் சிறை, பிறகு 2012 ஜூனில் நீதிமன்ற உத்தரவின்படி வவுனியா பூந்தோட்டம் புனர்வாழ்வு முகாம். 2013 ஜூன் 26இல் விடுதலை. நான்கு ஆண்டுக்கு மேல் அடைபட்டிருந்தார். வெளியே வந்தார், திருமணம் செய்துகொண்டார், எழுதினார், புற்றுநோய் வந்தது, போய்விட்டார். சிறைக்குப் பின் அவருக்கு வாய்த்த காலம் சுமார் 28 மாதம். தன்வரலாற்று நூலும், 'மழைக்கால இரவு' என்ற தொகுப்பும், கவிதைகளும் அவர் விட்டுப்போனவை. நமக்கு வாய்த்த எழுத்தாளர் தமிழினியின் ஆயுள் அவ்வளவுதான்.

3

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடி அறையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி இந்த நூலை வாசித்துப் பேசினோம். 2009 ஜனவரி 29இல் முத்துக்குமார் சாஸ்திரி பவன் வாசலில் தன்னை எரித்துக்கொண்ட பிறகு வகுப்பைப் புறக்கணித்துத் தெருவுக்கு வந்த மாணவர்களில் சிலர் இன்றைக்கு நாற்பதை நெருங்குகிறார்கள். அவர்களும் வந்திருந்தார்கள். பேச்சு ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷமே ஒரு தம்பி கேட்டார்: 'அத்தனை பேரு குப்பி கடிச்சு செத்தாங்க. இவங்க மட்டும் எப்படிக்கா உயிரோட வந்தாங்க?' பெருங்களத்தூரிலிருந்து வந்திருந்த, துப்புரவுத் தொழிலாளர்களிடையே வேலை செய்கிற தோழியர் ஒருவர் திருப்பிக் கேட்டார்: 'செத்திருந்தா போஸ்டர் அடிச்சு ஸ்டேஷன் சுவரு பூரா ஒட்டியிருப்பீங்க இல்ல தம்பி? உயிரோட வந்துட்டதால கணக்கு கேக்குறீங்க.' அறை கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது.

அந்தத் தோழியர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. தமிழ்ப் பொதுப்புத்திக்குச் செத்த பெண்ணை வணங்கத் தெரியும். புறநானூற்றுத் தாயிலிருந்து கரும்புலிவரை அதற்கு இலக்கணம் உண்டு, இலக்கியம் உண்டு. எதிரியின் காவலிலிருந்து திரும்பிய பெண்ணை என்ன செய்வது என்பதற்கு அதனிடம் இருப்பது ஒரே ஒரு பழைய கதை: சீதையைத் தீயில் இறங்கச் சொன்ன கதை. இலங்கையில் சிறையிருந்து வந்தவளிடம் அன்றைக்குக் கேட்கப்பட்டது கற்பு, இன்றைக்குக் கேட்கப்படுவது விசுவாசம். கேட்கிற தோரணை மாறவில்லை. தமிழினி திரும்பி வந்த அதே மே மாதத்தில் ராணுவத்திடம் சரணடைந்தவர்களில் ஒருவர் கவிஞர் புதுவை இரத்தினதுரை. அவர் இன்றுவரை திரும்பவில்லை. திரும்பாதவரை நாம் சந்தேகிப்பதில்லை. திரும்பியவரைச் சந்தேகிக்கிறோம். ஆளைக் காணாமல் ஆக்கிய அரசிடம் கேட்க வேண்டிய கேள்வியைப் பிழைத்து வந்தவளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இங்கே 'கருக்கு' ஞாபகம் வருகிறது. பாமாவின் அந்த நூல் 1992இல் வந்தபோது, நம்ம தெருவு சங்கதியையெல்லாம் எழுதி ஊரைக் கேவலப்படுத்திவிட்டாள் என்று அவருடைய சொந்த ஜனமே கோபப்பட்டது. சில மாதங்கள் அவர் ஊருக்குள் போகமுடியாமல் இருந்தார். வெளியே இருந்த பண்டிதர்கள் இது நாவலா, சுயசரிதையா, கொச்சைத் தமிழா என்று வேறு விசாரணை நடத்தினார்கள். உள்ளே இருக்கிறவன் 'நம்மளக் காட்டிக் குடுத்துட்ட' என்கிறான். வெளியே இருக்கிறவன் 'இது இலக்கியமா' என்கிறான். தலித் சாட்சியம் இந்த இரண்டு விசாரணைக்கும் நடுவில்தான் எழுந்து நின்றது. கொஞ்ச காலம் போனதும் கோபப்பட்ட ஊரே 'கருக்'கைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது. தமிழினிக்கு அந்தக் கொஞ்ச காலம் வாய்க்கவில்லை.

இரண்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். பாமா அதிகாரத்தில் இருந்தவர் இல்லை. தமிழினி இருந்தார். அதனால்தான் அவரை வாசிப்பது இன்னும் சிக்கலானது.

4

இந்தப் பிரதியில் இரண்டு மொழிகள் ஓடுகின்றன. ஒன்று இயக்கத்தின் மொழி. இன்ன பணி, இன்ன பொறுப்பு, இன்ன சண்டை, இன்ன கூட்டம் என்று வரிசையாக அறிக்கை வைக்கிற மொழி. பதினெட்டு வருஷம் மேடையிலும் கூட்டத்திலும் பேசிப் பழகியவருக்கு அது கைவந்த மொழி. அதில் எழுவாய் பெரும்பாலும் 'நாங்கள்'. இன்னொன்று பரந்தன் பெண்ணின் மொழி. வன்னியின் வெயிலும் மழையும், அம்மா, கூட இருந்து செத்துப்போன தோழிகள் வருகிற இடங்களில் அது வந்துவிடுகிறது. அங்கே எழுவாய் 'நான்'.

நூலை விசாரணைக் கண்ணோடு பார்த்தவர்கள் முதல் மொழியைத்தான் தோண்டினார்கள். சமாதான காலத்தை இயக்கம் வீணடித்தது, கட்டாய ஆள்சேர்ப்பு ஜனங்களை இயக்கத்திடமிருந்து பிரித்தது, முடிவுகள் மேலே எடுக்கப்பட்டுக் கீழே இறங்கின, பெண் கையில் துப்பாக்கி வந்ததால் பெண்விடுதலை வந்துவிடவில்லை என்றெல்லாம் அவர் எழுதியவை இரண்டு தரப்புக்கும் மேற்கோள்களாயின. இந்த விமர்சனங்கள் முக்கியமானவைதான். ஆனால் புதியவை அல்ல. கோவிந்தனின் 'புதியதோர் உலகம்' 1985லேயே இன்னொரு இயக்கத்தின் உள்ளே நடந்த கொடுமையை எழுதிவிட்டது. ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001இல் வந்தது. புலிகளின் ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு விமர்சித்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள். தோற்ற பிறகு விமர்சிப்பது சுலபம் என்று அவர்கள் பக்கத்திலிருந்து யாராவது சொன்னால் அதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

தமிழினியின் எழுத்தில் புதிது என்று நான் பார்ப்பது அந்த 'நாங்கள்' எப்படி 'நான்' ஆகிறது என்பதை. ஆயுதத்தை விட்டுவிட்டுச் சனத்தோடு சனமாக நடக்கிறபோது அவரிடமிருந்து இயக்கம் கழன்று விழுகிறது. பதவி இல்லை, சீருடை இல்லை, பக்கத்தில் ஆள் இல்லை. அங்கிருந்து அவருக்கு 'நாங்கள்' என்று சொல்ல வாய் வருவதில்லை. சிறையில் அவருக்கு ஒரு நம்பர் கிடைத்திருக்கும், பெயர் பழைய பெயராகிவிட்டிருக்கும். சிவகாமி தமிழினியாகி, மறுபடி கோர்ட் காகிதத்தில் சிவகாமியாகி, வெளியே வந்து நூல் அட்டையில் தமிழினியாகவே நிற்கிறார். எந்தப் பெயரில் கையெழுத்துப் போடுவது என்பது சிறை மீண்டவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. அரசு திருத்தி அனுப்பியது சிவகாமியை. எழுத வந்தவர் தமிழினி. இயக்கத்தை விமர்சித்த நூலில் இயக்கம் கொடுத்த பெயரை அவர் விடவில்லை. துரோகம் என்றவர்கள் அட்டையையாவது ஒழுங்காக வாசித்திருக்கலாம்.

5

'புனர்வாழ்வு' என்கிற சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். போருக்குப் பிறகு அரசுக் கணக்குப்படியே சுமார் 12,000 பேர் இந்த முகாம்களின் வழியாக வெளியே வந்தார்கள். தண்டனை என்று சொல்லாமல் அடைத்து வைப்பது, திருத்துகிறோம் என்று பெயர் வைப்பது, வெளியே விட்ட பிறகும் கண்காணிப்பது. நமக்குத் தெரியாததா இது? 1871 குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் இந்த நாட்டில் பிறப்பாலேயே குற்றவாளி என்று குத்தப்பட்ட சாதிகளுக்கு வெள்ளைக்காரன் 'செட்டில்மெண்ட்' கட்டியபோதும் திருத்துகிறோம் என்றுதான் சொன்னான். திருந்தியவன் திருந்தியதைத் தினமும் நிரூபிக்க வேண்டும். அந்த நிலையில் இருப்பவன் வாயிலிருந்து வரும் சொல் எல்லாமே, யாருக்காகச் சொன்னான் என்ற சந்தேகத்தோடுதான் கேட்கப்படும். ராணுவக் கண்காணிப்பில் உட்கார்ந்து எழுதப்பட்ட நூல் என்பதைத் தமிழினியின் வாசகர் மறக்கக்கூடாது. எழுதியது பொய் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எழுதாமல் விட்டது எவ்வளவு இருக்கும் என்று யோசிப்பதற்காகச் சொல்கிறேன். ராணுவத்தின் மீது அவர் வைக்கும் குற்றச்சாட்டு ஏன் குறைவு என்று கேட்பவர்கள், அந்தக் கேள்வியை அவர் வீட்டு வாசலில் நின்றவர்களிடமும் கேட்க வேண்டும்.

அவர் அடைபட்டிருந்த வெலிக்கடை சாதாரணச் சிறை இல்லை. 1983 ஜூலை 25லும் 27லும் அங்கே 53 தமிழ்க் கைதிகள் வெட்டியும் அடித்தும் கொல்லப்பட்டார்கள். 27ஆம் தேதி கொல்லப்பட்டவர்களில் ஒருவர் டாக்டர் ராஜசுந்தரம். மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்ட தோட்டத் தொழிலாளிகளை வன்னியில் குடியமர்த்திய காந்தியம் அமைப்பை நடத்தியவர். அந்த வெலிக்கடையை ஷோபாசக்தி 'ம்' நாவலில் 2004இல் எழுதினார். தமிழினியும் வெலிக்கடையிலிருந்து வந்தவர்தான். ஆனால் அவர் நூலின் பெரும்பகுதி போராட்ட ஆண்டுகளுக்கே போய்விடுகிறது. சிறையும் முகாமும் பிற்பகுதியில் வருகின்றன. நான் இன்னும் வாசிக்க விரும்பியது அதைத்தான்.

தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு இலங்கைச் சிறையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகவும் முடியாது. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு லோக்கலில் ஏறினால் வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். அந்த ஊரில் பல வருஷம் 'சிறப்பு முகாம்' என்று ஒன்று இயங்கியது. போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்களில் சந்தேகத்துக்குரியவர்கள் என்று சொல்லப்பட்டவர்களை 1946ஆம் வருஷத்து வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ், கோர்ட் ஜாமீன் கொடுத்த பிறகும்கூட, அங்கே கொண்டுபோய் அடைத்தார்கள். எங்களை வெளியே விடு என்று அவர்கள் பட்டினி கிடந்தார்கள். அதே லைனில் தினமும் வேலைக்குப் போய்வந்த நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? ஈழத்துக்காக மைக் பிடித்த கட்சிகள் மாறி மாறி ஆண்ட மாநிலத்தில்தான் இது நடந்தது. முகாம் என்ற சொல்லுக்குள் சிறையை ஒளித்து வைக்கும் வித்தை கொழும்புக்கு மட்டும் சொந்தமில்லை.

6

சிறை மீண்டவர்களின் எழுத்து என்றதும் உலக இலக்கியத்தில் பிரைமோ லெவியைச் சொல்வார்கள். இத்தாலிய யூதர், ரசாயனம் படித்தவர், ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து 1945இல் உயிரோடு வெளிவந்தவர். அவருடைய முதல் நூலைப் பெரிய பதிப்பகம் திருப்பி அனுப்பியது; 1947இல் ஒரு சின்னப் பதிப்பகம்தான் போட்டது. முகாமில் முழுக்க மூழ்கியவர்கள் திரும்பி வரவில்லை, திரும்பியவர்கள் அவர்களுக்குப் பதிலாகப் பேசுகிறவர்கள், அதனால் எங்கள் சாட்சியம் முழுமையானது இல்லை என்று தன் கடைசி நூலில் அவர் எழுதினார். ஒடுக்குகிறவன், ஒடுக்கப்பட்டவன் என்ற இரண்டுக்கும் நடுவே ஒரு சாம்பல் நிற வெளி உண்டு, உயிர்பிழைக்க அங்கே போய் நின்றவர்கள் உண்டு, அவர்களுக்குத் தீர்ப்பு எழுத அவசரப்படாதீர்கள் என்றும் சொன்னார்.

இதைத் தமிழினிக்கு அப்படியே எடுத்துப் போட்டுவிட முடியாது. லெவி கைதி மட்டும்தான். தமிழினி கைதியாவதற்கு முன் பொறுப்பாளர். பெண்பிள்ளைகளை வா வா என்று கூப்பிட்ட குரல் அவருடையது. கட்டாயமாகப் பிடித்துப் போனார்கள் என்று எழுதுகிறபோது அந்த வாக்கியத்தில் பிடித்தது யார் என்பது பல இடங்களில் 'இயக்கம்' ஆகிவிடுகிறது. அங்கே மட்டும் 'நான்' போய் ஒளிந்துகொள்கிறது. குற்ற உணர்வு இருக்கிறது, அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் குற்ற உணர்வு வேறு, பொறுப்பு வேறு. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு வன்னித் தாய் இந்த நூலை வாசித்தால், என் மகளைப் பற்றிய பக்கம் எங்கே என்றுதான் கேட்பாள். அந்தக் கேள்விக்கு நூலில் போதிய பதில் இல்லை.

இன்னொரு கேள்வி நம்முடையது. சாதியை இந்த நூல் மையக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. இயக்கத்துக்குள்ளே சாதி இல்லை என்பது புலிகளின் பெருமைகளில் ஒன்று. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் நின்று அடிவாங்கிய ஜனங்களின் போராட்டம், கே. டானியல் 'பஞ்சமர்' தொடங்கி எழுதிக் குவித்த வாழ்க்கை, இதெல்லாம் ஆயுதப் போராட்டத்தின் பெருங்கதையாடலுக்குள் எங்கே போயிற்று? சாதியைச் சட்டம் போட்டு மூடிவைப்பதற்கும் ஒழிப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்று நமக்குத் தெரியும். கடைசி வருஷங்களில் வசதி இருந்தவன் பிள்ளையை வெளிநாட்டுக்கு ஏற்றிவிட்டான். பிடித்துக்கொண்டு போவதற்கு மிச்சமிருந்தவை யார் வீட்டுப் பிள்ளைகள்? காணி இல்லாதவர், கூலிக்குப் போனவர், மலையகத்திலிருந்து வந்து வன்னிக் காட்டைத் திருத்தியவர் பிள்ளைகள். பரந்தனில் பிறந்த தமிழினிக்கு இந்த ஜனங்கள் அந்நியர் இல்லை. பெண் என்ற கோணத்திலிருந்து இயக்கத்தைக் கேள்வி கேட்கத் துணிந்தவர், இந்தக் கேள்வியையும் இன்னும் பக்கத்தில் போய்க் கேட்டிருக்கலாம். இது அவருடைய எல்லை. ஈழத்து எழுத்திலேயே டானியலுக்குப் பிறகு நெடுங்காலம் இந்த இடம் மெலிந்து கிடந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

7

இந்த நூலுக்குத் தமிழுக்கு வெளியே கிடைத்த வரவேற்பு வேறுமாதிரி. சாமிநாதன் விமலின் சிங்கள மொழிபெயர்ப்பு 2016லேயே வந்து, குறுகிய காலத்தில் பல பதிப்புகள் ஓடியது. சிங்கள வாசகரில் ஒரு பகுதி, புலி ஒன்று தவறை ஒத்துக்கொண்டது என்ற சந்தோஷத்துக்காக வாங்கியிருக்கும். சந்தேகமில்லை. ஆனால் 'பயங்கரவாதி' என்று மட்டும் சொல்லப்பட்டிருந்த ஒரு பெண்ணுக்கு அம்மா இருந்தாள், ஊர் இருந்தது, அவள் சேர்ந்ததற்குக் காரணம் இருந்தது என்பதை அந்த வாசகர் வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்ததும் இந்த நூல்தான். 2003இல் கிளிநொச்சியில் எடுக்கப்பட்ட மேசையை அவர் தன் சாவுக்குப் பிறகு, புத்தக வடிவில் மறுபடியும் போட்டார் என்று நான் சொல்வேன். பின்னர் நெட்ரா ரொட்ரிகோ அதை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோனார்.

தமிழினி மட்டும் இல்லை. ஒரு கையையும் ஒரு கண்ணையும் போரில் இழந்த வெற்றிச்செல்வி, பம்பைமடு புனர்வாழ்வு முகாமின் பெண்களைப் பற்றி 'ஆறிப்போன காயங்களின் வலி' என்று எழுதினார். தமிழினியிடம் சிறையும் முகாமும் பற்றி நான் தேடியது அதில் இருக்கிறது. ஒரு காலை இழந்த யோ. கர்ணன் சிறுகதைகள் எழுதினார். தோற்ற படையின் ஆட்கள், உடம்பு சிதைந்தவர்கள், யாராலும் கொண்டாடப்படாதவர்கள் எழுதிய எழுத்து இது. வீரவணக்கக் கூட்டத்தில் வாசிக்க உதவாது. அரசின் புனர்வாழ்வு விளம்பரத்துக்கும் முழுசாக உதவாது. இரண்டுக்கும் உதவாமல் போகிற இடத்தில்தான் அது இலக்கியமாகிறது.

நமக்கு இதில் என்ன வேலை? ஒன்று, இந்தச் சாட்சியங்களைத் தீர்ப்பெழுதும் வேகத்தில் மூடிவிடாமல் படிப்பது, நம் கேள்விகளைக் கறாராக வைப்பது. இரண்டு, பக்கத்திலேயே இருக்கிற சாட்சிகளைக் கேட்பது. 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். பெயர் மாறியது, நாற்பது வருஷமாக இங்கே பிறந்து வளர்ந்து குடியுரிமை இல்லாமல் நிற்கிறவர்களில் பலர் மலையகத் தோட்டத் தொழிலாளிகளின் வாரிசுகள். அவர்களில் எத்தனையோ பேர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள், நம் சொந்தங்கள். அவர்கள் கதையை யார் எழுதுவது? எழுதினால் நாம் எப்படி வாசிப்போம்? கை நீட்டி வாங்குவோமா, இல்லை, நீ எப்படி உயிரோடு வந்தாய் என்று கேட்போமா?